அத்தான் தங்கிய ஒரே இரவு

சிட்னியில் இலையுதிர்காலம் தொடங்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரங்களை எல்லாம் ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிவைக்க வேண்டும். அன்று காலை அத்தான் அடுப்புக்கு மேலே குசினிச் சுவரில் தொங்கும் கடிகாரத்தைக் கழற்றி, முள்ளைத் திருப்பி, சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டுவார். மாட்டியபின் சற்றுப் பின்னால் தள்ளி நின்று அது நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு அக்காவையும் என்னையும் பார்த்து, "இண்டைக்கு ஒரு மணித்தியாலம் சும்மா கிடைச்சிருக்கு. வீணாக்கக் கூடாது" என்பார். வீணாக்காமல் இருப்பது என்றால் அவர் அகராதியில் எந்த வேலையும் செய்யாமல் இருப்பது. சமையல் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, உடுப்புத் தோய்ப்பது இல்லை. மூவரும் தேநீர்க் கோப்பைகளோடு பின்வளவுக்குப் போய், வெயில் விழும் இடமாகப் பார்த்துக் கதிரைகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வெயில் நகர நகரக் கதிரைகளும் நகரும்.

சிட்னியின் புறநகரான லிட்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த அந்தப் பழைய பலகை வீட்டுக்கு முன்னால் ஒன்றும் இல்லை. பின்னால் மட்டும் நீண்டு ஒடுங்கிய ஒரு வளவு. அதன் கடைசியில் வேலி, வேலிக்கு அப்பால் ரயில் பாதை. பக்கத்து வீட்டு மரம் ஒன்று பாதிக்கு மேல் எங்கள் பக்கமாகத்தான் சாய்ந்து நின்றது. கோடை முழுவதும் பச்சையாக நின்றுவிட்டு மே மாதத்தில் ஒரேயடியாகச் சிவந்து கொட்டும். அக்காவுக்கு அந்த இலைகளைக் கூட்டுவது தீராத தொல்லை. அத்தானுக்கு அது கொண்டாட்டம். பழைய கட்டில் விரிப்பு ஒன்றை நிலத்தில் விரித்து, இலைகளை வாரி அதில் குவித்து, குவியலின் மேல் என்னை ஏற்றி இருத்தி, விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து இழுத்துக்கொண்டு உரக்குழி வரை போவார். எனக்குப் பத்து வயது கடந்திருந்தது. அப்படி இழுத்து விளையாடும் வயது இல்லை. ஆனாலும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அத்தான் என்பது என் அக்காவின் கணவர். அக்கா எனக்குப் பதினான்கு வயது மூத்தவள். கல்யாணமாகி அவள் சிட்னிக்கு வந்து சில வருடங்களில், போர் நடந்துகொண்டிருந்த ஊரில் அம்மாவும் அப்பாவும் எறிகணை விழுந்து ஒரே நாளில் போய்ச் சேர்ந்தார்கள். நான் உறவினர் வீடுகளில் மாறி மாறி இருந்து, ஒன்பது வயதில் அக்காவிடம் வந்து சேர்ந்தேன். விமான நிலையத்தில் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தான் அழவில்லை. கையில் வைத்திருந்த குளிர்ச்சட்டையை என் தோளில் போட்டு, கைகள் நீளமாக இருந்ததால் இரண்டையும் மடித்துவிட்டார். அதற்குப் பிறகு எனக்கு எதை வாங்கினாலும் ஒரு அளவு பெரிதாகவே வாங்கினார். வளர்கிற பிள்ளைதானே என்பது அவர் கணக்கு.

அவருக்கு மாவைக் குழைத்துப் பாண் சுடும் தொழிற்சாலையில் விடியற்காலை வேலை. பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். அதனால் பள்ளிக்கூட வாசலில் என்னைக் கூட்டிப்போக நிற்பவர் அவர்தான். ஆங்கிலம் பிடிபடாத அந்த முதல் வருடத்தில், மணி அடித்ததும் வாசலில் அவர் சட்டையின் நீலம் தெரிகிறதா என்று தேடுவேன். தெரிந்துவிட்டால் அன்றைய நாள் முடிந்தது என்று ஒரு ஆறுதல். அவர் உடம்பில் எப்போதும் மா வாசம் இருக்கும்.

இலையுதிர்காலத்தில் எங்கள் வீட்டில் நடந்தவை எல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள்தான். வேலியில் படர்ந்த சோக்கோ என்னும் சௌசௌக் கொடி அப்போதுதான் காய்த்துக் கொட்டும். அக்கா அதைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைப்பாள். தின்று அலுத்துப் போய்த் தெரிந்தவர் வீடுகளுக்கெல்லாம் பையில் போட்டுக் கொடுப்போம். தொட்டியில் நின்ற கறிவேப்பிலையைக் குளிர் பிடிக்கும் முன் உள்ளே கொண்டுவந்து உடுப்புத் தோய்க்கும் அறை யன்னலோரம் வைப்பது அத்தானின் வேலை. தொட்டியைத் தூக்கும்போது, "மகாராணி வாறா, வழி விடுங்கோ" என்று சொல்லிக்கொண்டே வருவார். பெட்டியில் இருந்த கம்பளிகளை எடுத்துக் கொடியில் வெயில் காயப்போடுவோம். முதன்முதலாகச் சூடாக்கியைப் போடும் மாலையில் அதன் மேல் படிந்திருந்த தூசி கருகி ஒரு மணம் எழும். இன்றும் எங்காவது அந்த மணம் வந்தால் எனக்கு முதலில் பசி எடுக்கிறது. அந்த மணத்தோடுதான் அக்கா இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவாள்.

எனக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தபோதே பரவியிருந்தது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை வேண்டும் என்று வைத்தியரிடம் போன இடத்தில்தான் அது தெரிய வந்தது. அந்த இலையுதிர்காலம் முழுவதும் அக்கா பின்வளவுக் கதிரையில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தான் இலைகளைக் கூட்டவில்லை. அவை காலடியில் குவிந்து மக்கின. ஒருநாள் அக்காவே, "ஏனப்பா, கூட்டுங்கோவன். பாக்க ஒரு மாதிரிக் கிடக்கு" என்றாள். அவர் உடனே எழுந்து கூட்டினார். நான் உதவிக்குப் போனேன். அவள் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகஸ்டில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

அதற்கு அடுத்த வருடம் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அத்தான் சமையல் பழகினார். சோறு அடிப்பிடிக்கும், அடிப்பிடித்ததை ஒதுக்கித் தனக்கு எடுத்துக்கொண்டு மேல் சோற்றை எனக்குப் போடுவார். தலை பின்னத் தெரியாமல் பாடுபட்டார். என்னைக் கதிரையில் இருத்திப் பின்னால் நின்று, அக்காவின் சீப்பால் வகிடு எடுத்து, மூன்றாகப் பிரித்த பிறகு எந்தப் பிரி எதற்கு மேல் போக வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே பின்னுவார். அவர் பின்னல் எப்போதும் ஒரு பக்கம் சரிந்தே இருக்கும். வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அதை அவிழ்த்துக் கட்டியதில்லை.

கடிகாரம் திருப்பும் ஞாயிறு வந்தபோது அவர் அதைச் செய்வாரா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. செய்தார். கடிகாரத்தைத் துடைத்து மாட்டினார். ஆனால் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கதிரைகளை வெளியே எடுத்துப் போட்டோம். தேநீர் நான் ஊற்றினேன். ரயில்கள் போய்க்கொண்டிருந்தன. அந்த ஒரு மணித்தியாலம் எவ்வளவு நீளமானது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இருந்தும் நாங்கள் எழுந்து உள்ளே போகவில்லை.

அந்த மே மாதத்தில் நான் பெரியபிள்ளையானேன். என்ன செய்வதென்று தெரியாமல் அத்தான் கதவுக்கு வெளியே நின்று, "பயப்பிடாதை பிள்ளை, அன்ரியைக் கூப்பிடுறன்" என்றார். இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு அன்ரி வந்து எல்லாம் பார்த்துக்கொண்டார். மெல்பேர்ணில் இருந்த சித்திக்கு, என் அம்மாவின் தங்கைக்கு, அத்தானே தொலைபேசியில் சொன்னார். முறை என்று அவர் நினைத்ததைச் செய்தார். அடுத்த வாரமே சித்தியும் சித்தப்பாவும் பட்டுச்சேலையும் சங்கிலியுமாக வந்து இறங்கினார்கள்.

சடங்கு எளிமையாக முடிந்தது. மறுநாள் மாலை குசினியில் பேச்சுத் தொடங்கியது. நான் அடுத்த அறையில் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது, என்னிடம் எதையும் மறைக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. சித்தி குரலை உயர்த்தவே இல்லை. அத்தானின் குணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவரைப் போல ஒருவர் கிடைக்கமாட்டார் என்றுதான் தொடங்கினார். பிறகு சொன்னார்: "ஆனா தம்பி, இது ஆம்பிளை தனிய இருக்கிற வீடு. இவளும் இனிச் சின்னப்பிள்ளை இல்லை. நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசேக்கை நாலு பேர் நாலு விதமாய்க் கேப்பினம்." சித்தப்பா வேறொரு வழி சொன்னார். அத்தான் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால், வீட்டில் ஒரு பெண் இருந்தால், நான் இங்கேயே இருக்கலாம். அத்தான் அதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். மறுப்பாகத்தான் ஆட்டினார் என்று பின்னால் சித்தி சொன்னார்.

கடைசியில் அத்தான், "நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்குது. பிள்ளையிட்டையும் ஒருக்காக் கேளுங்கோ" என்றார்.

என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நான் இஞ்சையே இருக்கிறன்" என்றேன். தெளிவாகத்தான் சொன்னேன். சித்தி என் கன்னத்தைத் தடவி, சின்னப்பிள்ளைக்கு என்ன தெரியும் என்றார். கொஞ்ச நேரத்துக்கு முன்தான் நான் சின்னப்பிள்ளை இல்லை என்று சொன்னவர் அவர். அத்தான் எழுந்து பின்வளவுக்குப் போனார். அவர் இலை கூட்டும் சத்தம் இருட்டும்வரை கேட்டது.

காலையில் அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். வேலைக்குப் போகவில்லை. கண்கள் சிவந்திருந்தன. "பிள்ளை, நீ போட்டு வா" என்றார். நான் எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். அவர் பெட்டியை இறக்கி என் கட்டிலில் வைத்தார். வார விடுமுறைக்குப் போய்வருவதைப் போல அவர் சொன்ன விதத்தில், கிறிஸ்மஸ் விடுமுறைக்குத் திரும்பிவிடுவேன் என்றுதான் உண்மையில் நம்பினேன். கதவைச் சாத்திக்கொண்டு பெட்டி அடுக்கினேன்.

சித்தி வீட்டில் நான் நன்றாகத்தான் இருந்தேன். இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. எனக்கென்று ஒரு அறை, மேசை, நல்ல பள்ளிக்கூடம், சண்டை பிடிக்கவும் சேர்ந்து சிரிக்கவும் இரண்டு தங்கைகள். சித்தி தன் பிள்ளைகளுக்கு ஒன்றும் எனக்கு ஒன்றும் என்று வைத்ததில்லை. மெல்பேர்ணின் இலையுதிர்காலம் சிட்னியைவிட வடிவானது. தெருத் தெருவாக மஞ்சளும் சிவப்புமாக நிற்கும். அதைப் பார்க்கும்போது மட்டும் லிட்கம் வளவைக் கூட்டுவது யார் என்று நினைப்பேன். ஞாயிறு மாலைகளில் அத்தான் தொலைபேசியில் பேசுவார். படிப்பு எப்படி, சாப்பிட்டாயா என்று கேட்டபின் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. அப்போது அவர் வளவைப் பற்றிச் சொல்வார். சோக்கோ இந்த வருடம் காய்க்கவில்லை. கறிவேப்பிலையை உள்ளே வைத்தாயிற்று. மரத்தின் ஒரு கொப்பைப் பக்கத்து வீட்டுக்காரர் வெட்டிவிட்டார். பின்பொரு வருடம் அந்த வீட்டையே இடிக்கப் போகிறார்கள் என்றார். அங்கே இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அத்தான் அதே லிட்கத்தில் வேறொரு அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில், ஒரு படுக்கையறை வீட்டுக்குப் போனார். வேறு கல்யாணம் செய்யவில்லை.

என் கல்யாணத்துக்கு மெல்பேர்ண் வந்தார். மணவறையிலிருந்து அவரைத் தேடினேன். பின்வரிசை ஒன்றில், அளவு பெரிதான கோட்டுடன் உட்கார்ந்திருந்தார். மனைவியை இழந்தவர் முன்னுக்கு நிற்பது சரியில்லை என்று அவரே சொல்லிவிட்டாராம். என் கையைப் பிடித்துத் தாரைவார்த்துக் கொடுத்தது சித்தப்பாவும் சித்தியும். ஆசீர்வாதம் வாங்க நான் அவர் முன்னால் குனிந்தபோது அவர் கை என் தலையைத் தொடவில்லை. தலைக்குச் சற்று மேலே காற்றில் நின்றது.

என் கணவர் திருச்சிக்காரர். அவருக்கு வேலை மாறியபோது நாங்கள் சிட்னிக்கு வந்து குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு எடுத்தோம். எனக்கு அருகிலேயே ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. பின்னால் ஓரளவு பெரிய வளவு. குடிவந்த வாரமே அத்தானை எங்களோடு வந்து இருக்கும்படி கேட்டேன். "ஓம் ஓம், பாப்பம்" என்றார். வரவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் ரயில் ஏறி வரத் தொடங்கினார். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் கொப்பு வெட்டும் கத்தரி. வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் வளவுக்குப் போய்விடுவார். கொடி நட்டார், பூசணி போட்டார், மண்டரின் ஆரஞ்சு மரம் ஒன்று வைத்தார். மதியம் எங்களோடு சாப்பிட்டுவிட்டு வெயிலில் ஒரு கதிரையைப் போட்டுச் சற்றுக் கண்ணயர்வார். அந்த நேரத்தில் நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு பாத்திரம் கழுவுவேன். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நிம்மதி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது வெறும் சனிக்கிழமை.

ஆனால் அத்தான் ஒருநாளும் இருட்டும்வரை இருந்ததில்லை. மே மாதத்தில் ஐந்து மணிக்கே வெளிச்சம் குறையும். நாலரைக்கே கை கால் கழுவிச் சப்பாத்துப் போட்டுக்கொள்வார். என் கணவர், "இருங்கண்ணே, சாப்பிட்டுப் போகலாம், நானே கார்ல கொண்டுவந்து விடுறேன்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அத்தான் சிரித்துவிட்டு, "இல்லைத் தம்பி, போட்டு வாறன்" என்பார். கல்யாணமாகிக் கணவனோடு இருக்கும் முப்பது தாண்டிய பெண்ணின் வீட்டில் இரவு தங்குவதற்கு அவருக்கு என்ன தடை என்று என் கணவருக்குப் புரியவே இல்லை. நான் விளக்கப் போனதில்லை. அந்தக் குசினியில் பேசப்பட்டது யாருக்கும் சொல்லும்படியான விஷயமாக எனக்குப் படவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம், மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, பெரும் மழை பிடித்துக்கொண்டது. மரம் முறிந்து விழுந்து ரயில் நின்றுவிட்டது. என் கணவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். அத்தான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு முன்வாசலில் நின்று மழையைப் பார்த்தார். நான் ஒரு டாக்ஸிக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். அவர் மழையைப் பார்த்தபடியே, "அண்டைக்கு நீ பெட்டி அடுக்கேக்கை அழுதது எனக்குக் கேட்டது" என்றார்.

நான் டாக்ஸிக்கு எடுத்த தொலைபேசியைக் கீழே வைத்தேன்.

"கதவடியிலதான் நிண்டனான். தட்டேல்லை. தட்டியிருந்தா உன்னை அனுப்பியிருக்க மாட்டன்" என்றார். பிறகு, "சனத்துக்குப் பயந்தில்லைப் பிள்ளை. உனக்கு ஒரு சொல் வந்திடுமோ எண்டுதான்" என்றார்.

அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. குனிந்து அவர் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தேன். "இண்டைக்கு இஞ்சை படுங்கோ அத்தான்" என்றேன். மறுப்பார் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிக் கொடுத்தார், பிறகு மற்றக் காலை.

அன்றிரவு பூசணிக்காய்க் கறியும் புட்டும் சாப்பிட்டோம். விருந்தினர் அறையில் அவருக்குப் படுக்கை விரித்தேன். கதவைத் திறந்தே வைத்திருந்தார். இரண்டொரு தடவை அவர் இருமுவது கேட்டது. ஒரே கூரையின்கீழ் அந்த இருமலைக் கேட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. காலையில் நான் எழும்ப முன்னரே அவர் பாணைச் சூடாக்கி வைத்திருந்தார். சம்பல் இடிக்க உரல் எங்கே என்று கேட்டார். மழை விட்டிருந்தது. வளவெல்லாம் இலை. இருவரும் சேர்ந்து கூட்டினோம். அவ்வளவுதான் நடந்தது. அதைவிடப் பெரிதாக எதையும் நான் ஆசைப்பட்டதில்லை.

அதே வருடம் ஜூலையில் ஒரு புதன்கிழமை அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. மாலை நானும் கணவரும் போய், கட்டடக் காவலாளியிடம் சொல்லிக் கதவைத் திறந்தோம். யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்தபடியே இருந்தார். மாரடைப்பு, வலி அதிகம் இருந்திருக்காது என்று வைத்தியர் சொன்னார். அப்படித்தான் எல்லோருக்கும் சொல்வார்கள் என்று மருந்துக்கடையில் வேலை செய்யும் எனக்குத் தெரியும். நம்பிக்கொண்டேன்.

தகனச்சாலையில் ஐயர், கிரியை செய்யப்போவது யார் என்று கேட்டார். பிள்ளைகள் இல்லை. உடன்பிறந்தவர்கள் யாரும் இந்த நாட்டில் இல்லை. சகலன் முறையில் என் கணவர் செய்யலாம் என்று யாரோ சொன்னார்கள். நான் முன்னுக்கு வந்து நானே செய்கிறேன் என்றேன். ஐயர் தயங்கி, நீங்கள் அவருக்கு என்ன முறை என்று கேட்டார். மனைவியின் தங்கை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அப்போது மெல்பேர்ணிலிருந்து வந்திருந்த சித்தி, முழங்கால் வலியோடு கதிரையைப் பிடித்து எழும்பி நின்று சொன்னார்: "அவரின்ரை பிள்ளை அவள்தான். அவளே செய்யட்டும்."

ஐயர் தர்ப்பையை என் கையில் தந்தார். நான் செய்தேன். எல்லோரும் சித்தியின் பெருந்தன்மையைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அந்த நேரத்தில் நன்றி வரவில்லை, கோபமும் வரவில்லை. இந்த ஒரு வசனத்தை லிட்கம் வீட்டில் அன்று மாலை யாராவது சொல்லியிருந்தால் போதுமே என்று மட்டும் நினைத்தேன். சொல்ல எவ்வளவு சிறிய வசனம்.

இப்போது மறுபடி மே மாதம். சித்தப்பா காலமான பிறகு சித்தி இடைக்கிடை எங்களிடம் வந்து சில வாரம் தங்கிப் போகிறார். நேற்று மதியம் அவரை வளவில் வெயிலுக்கு இருத்தி, மண்டரின் பழங்களைப் பறித்து மடியில் போட்டேன். நல்ல இனிப்பு என்றார். அத்தான் வைத்த மரம் என்று நான் சொல்லவில்லை, அவருக்கே தெரியும். தோலை உரித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்: "நான் அண்டைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனது பிழையோ பிள்ளை?"

நான் யோசித்தேன். பிழை என்றால் அது ஒரு வயதான மனுஷியின் மேல் விழும். அந்த வீட்டில் நான் உண்ட சோறும் படித்த படிப்பும் பொய்யாகிவிடும். பிழை இல்லை என்றால், மூன்றாம் தளத்து யன்னலோரத்தில் இருந்த மனிதருக்கு நான் என்ன பதில் சொல்வது. "தெரியேல்லை சித்தி" என்றேன். அதுதான் உண்மையும்.

சித்தி தலையாட்டினார். பக்கத்து வீட்டுக் கூரைக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டிருந்தது. குளிருகிறது, உள்ளே போவோம் என்று அவர் கையைப் பிடித்து எழுப்பினேன். இரண்டு அடி வைத்தவர் நின்று, மூச்சு வாங்கினார்.

"உன்ரை அத்தான் என்னோடை ஒருநாளும் கோவிக்கேல்லை" என்றார். "ஒருக்காக் கோவிச்சிருக்கலாம்."

நான் அவர் கையை விடாமல் நின்றேன். பிறகு இருவரும் மெதுவாகப் படி ஏறினோம்.